நூலகத்துக்குப் போன மாத்தாள்

மரக்காணம் உப்பளத்தில் யாரும் லீவு கேட்பதில்லை. வர முடியாதவள் மாத்தாள் அனுப்புவாள். காய்ச்சல் என்றாலும், கல்யாணம் என்றாலும், புருஷனோடு சண்டை என்றாலும், அவள் நிற்க வேண்டிய பாத்தியில் இன்னொருத்தி உப்பு வாரும் பலகையோடு நிற்பாள். மேஸ்திரி தலையை எண்ணுவாரே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார். மாத்தாள் பலகையை உடைத்தால் அனுப்பினவள் பொறுப்பு. பிறகொரு நாள் அனுப்பினவள் இவளுக்காகப் போய் நிற்பாள். இதில் நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது.

பன்னிரண்டாவது முடித்த வருஷமே அம்சவள்ளி உப்பளத்துக்கு வந்துவிட்டாள். கல்யாணம், ஒரு மகள், தபாலில் படித்த பி.ஏ. வரலாறு எல்லாம் அந்த வேலைக்கு நடுவில் நடந்தவை. சட்டம் படிக்க வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. தம்பி சதீஷ் படிக்கட்டும் என்றுதான் நினைத்தாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவனுக்காகச் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போன் செய்தாள். அவன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான்.

"அப்ப இத என்னா பண்றது?"

"நீயே படிக்கா," என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அம்சவள்ளி சிரிக்கவில்லை. இதற்கு வயது வரம்பு உண்டா என்று சென்டர்க்காரரிடம் கேட்டாள். அவர் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். வீட்டுக்குப் போய்த் தன் சான்றிதழ்களை எடுத்து வந்தாள். மத்தியானத்துக்குள் அனுப்பியாகிவிட்டது.

புருஷன் தெய்வசிகாமணி உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். இடம் கிடைத்த சேதி வந்த பிறகுதான் அவனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு, "கருப்பு கோட்டு வெய்யில்ல சுடாதா?" என்றான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

கல்லூரி திண்டிவனம் தாண்டி இருந்தது. விடிவதற்கு முன்னால் உப்பு வாரத் தொடங்கி, மற்றவர்கள் முடிப்பதற்கு வெகு முன்பே கரையேறுவாள். கால் கழுவி, புடவை மாற்றி, திண்டிவனம் பஸ். அங்கிருந்து இன்னொரு பஸ். வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்று கூப்பிடும் வயதில் இருந்தார்கள். ஒரு சில ஆசிரியர்களும் அப்படித்தான்.

முதல் வருஷத் தேர்வில் ஒப்பந்தச் சட்டம் போய்விட்டது. மற்ற பாடங்களில் தேறிவிட்டாள். அன்று தெய்வசிகாமணி கோபப்படவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"சீசன்ல நீ பாதி வேலையில கரையேறிடற. நான் சோறாக்கறேன். தப்பில்ல. ஆனா இது எங்கனா போய்ச் சேரணும் இல்ல? இன்னொரு வாட்டி எழுது. பாஸ் பண்ணிட்டா படி. இல்லன்னா உட்டுடலாம். என்னா சொல்ற?"

அவன் கேட்டது நியாயம் என்றுதான் அவளுக்குப் பட்டது. "சரி," என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டால் அம்சவள்ளிக்கு அதற்குப் பிறகு பேச்சில்லை. உப்பளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

---

கல்லூரி நூலகத்தை அவள் முதன்முதலாகப் பார்த்தபோது பயந்தாள். சுவர் முழுக்கச் சிவப்பு, நீல அட்டைகளில் தீர்ப்புத் தொகுதிகள். இத்தனை பேரா சண்டை போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. கவுண்டரில் இருந்த செந்தமிழ் அவளைவிடப் பத்து வயது சின்னவள். ஒப்பந்தத்தில் இருக்கும் உதவி நூலகர். புதிதாக வருகிறவர்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, எதையாவது அடித்துத் தீர்ப்புகளைத் தேடச் சொல்வாள்.

"என்னா அடிக்கறது?"

"உங்களுக்குத் தெரிஞ்சது எதையாவது அடிங்கக்கா."

அம்சவள்ளி ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் உப்பு என்று அடித்தாள். திரை நிறைந்து, கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. குத்தகை, வரி, வாய்க்கால், மழையில் கரைந்த சரக்கு. வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"நம்ம பொழப்புல இவ்ளோ வம்பா?"

"இது நம்ம லைப்ரரியில பணம் கட்டி வாங்கறது. காலேஜுக்குள்ள மட்டும்தான் வரும். வீட்ல தொறக்காது."

அதுதான் அவளுக்குச் சிக்கல். நூலகம் காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலையில் மூடும். வகுப்பு முடிந்து அவள் வந்து உட்கார்ந்தால் மரக்காணம் போகும் பஸ்ஸைப் பிடிக்க அரைமணிதான் மிஞ்சும். ஹாஸ்டல் பிள்ளைகள் அவள் போன பிறகும் விளக்கின் கீழ் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒப்பந்தச் சட்டத்துக்குத் தமிழில் நல்ல உரைநூல் ஒன்றே ஒன்று இருந்தது. பழைய அச்சு. கடையில் கிடைக்காது. பக்கங்களைப் போனில் படம் எடுத்துப் படித்துப் பார்த்தாள். உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து நொந்த கண் அந்தச் சின்னத் திரையில் அரைமணிகூட நிற்கவில்லை, நீர் கொட்டியது. அந்த நூலை வீட்டுக்குத் தருவதில்லை. ஆனால் ஓவர்நைட் என்று ஒரு வசதி உண்டு. மாலையில் எடுத்துப் போகலாம். மறுநாள் ஒன்பதரைக்குக் கவுண்டரில் இருக்க வேண்டும்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். நாள் தவறாமல் எடுத்துப் போவாள், நாள் தவறாமல் கொண்டு வைப்பாள். செந்தமிழ் அந்த நூலை அலமாரியில் அடுக்குவதையே விட்டுவிட்டாள். கவுண்டருக்கு அடியில் வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுப் புள்ள வந்துடுச்சு, எடுத்துக்கங்க," என்பாள்.

---

ஒரு நாள் விடிகாலையில் கழுவெளி ஏரிப் பக்கம் மேகம் கட்டியது. கோடையில் அப்படிக் கட்டினால் யாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. பத்து நாள் வாரிக் குவித்த உப்பு அம்பாரமாகக் கிடந்தது. தார்ப்பாய் இழுத்து, கயிறு கட்டி, ஓரத்துக்கு மண் மூட்டை வைத்தாக வேண்டும். அன்று யாரும் முன்னதாகக் கரையேற முடியாது. அம்சவள்ளியின் பையில் புத்தகம் இருந்தது.

பக்கத்துப் பாத்தி மலர்கொடி அன்று திண்டிவனம் கண்ணாஸ்பத்திரிக்குக் கிளம்பி, மேகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கை கொடுக்க வந்திருந்தாள்.

"நீ கெளம்பு, டாக்டர் போயிடுவாரு," என்றாள் அம்சவள்ளி. "போறப்ப இத காலேஜுல குடுத்துடு. ஒம்பதரைக்குள்ள. லைப்ரரின்னு கேளு."

"எனக்கு இன்னொரு பஸ்ஸு ஏறணுமேடி."

"ஏறு. நாளைக்கி உன் பாத்தி நான் பாக்கறேன்."

மலர்கொடி புத்தகத்தை வாங்கித் துணிக்கடைப் பை ஒன்றில் சுருட்டி, அதை இன்னொரு பையில் போட்டுக்கொண்டு போனாள். அம்சவள்ளி தார்ப்பாயின் முனையைப் பிடித்தாள். தான் செய்தது தவறாக இருக்கலாம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

சாயங்காலம் மலர்கொடி கண்ணில் மருந்தோடு வந்து நின்றாள்.

"ஏண்டி, எந்த எடத்துக்கு அனுப்பின என்னை? போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க."

"என்னா ஆச்சு?"

"ஒம்பதேகால்தான். மொத ஆளா போயி குடுத்தேன். அந்தப் பொண்ணு வாங்கி பக்கம் பக்கமா பொரட்டிச்சு. நல்லா இருக்குதுன்னுச்சு. அப்பறம், நீங்க யாருன்னுச்சு. அம்சவள்ளிக்கு மாத்தாள்னேன். அதுக்கு மூஞ்சி மாறிப் போச்சு. நோட்டுல யாரு கையெழுத்து போடறதுன்னுச்சு. நான் போடறேன்னு போட்டேன்."

"என்னான்னு போட்ட?"

"என் பேருதான். மலர்கொடின்னு. பெருசா, நல்லா தெரியற மாதிரி போட்டேன். கையெழுத்துப் போட்டா கூட தப்பாடி?"

---

தப்பாகத்தான் இருந்தது. மறுநாள் செந்தமிழ் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, கார்டு உடையவர் நேரில்தான்னு விதி. நீங்க வரல, உங்க எடத்துல வேற கையெழுத்து இருக்கு. நான் மறைக்க முடியாது. லைப்ரரி கமிட்டிக்குப் போயிடுச்சு. கார்ட நிறுத்தி வெச்சிருக்காங்க."

"எதுவரைக்கும்?"

"செமஸ்டர் முடியற வரைக்கும். ஆனா மன்னிப்புக் கடிதம் குடுத்தா உடனே திருப்பிடுவாங்க. எல்லாருக்கும் அப்படித்தான். மாதிரி இங்க இருக்கு, பாத்து எழுதிடுங்க."

அம்சவள்ளி படித்தாள். நான் செய்தது தவறு. இனி எக்காரணம் கொண்டும் பிறரை அனுப்பாமல் நூல்களை நானே நேரில் திருப்பித் தருவேன் என உறுதி கூறுகிறேன். நாலு வரி. அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"எக்காரணம் கொண்டும்," என்று மறுபடி படித்தாள். தாளை மடித்துக் கவுண்டரிலேயே வைத்தாள்.

"எழுதலியாக்கா?"

"யோசிச்சு சொல்றேன்."

பஸ்ஸில் முஸ்கான் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். மரக்காணம் பஜார்க்காரப் பெண், அப்பா துபாயில். வகுப்பில் வாதப் போட்டி எது நடந்தாலும் அவளுக்குத்தான் கோப்பை. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"யா அல்லா, இதுக்கா இவ்ளோ யோசனை? எழுதிக் குடுத்துட்டு புக்கத் தூக்கிட்டு வாங்கக்கா. யாரு எடுத்துப் படிக்கப் போறாங்க அத?"

"மறுபடி மேகம் கட்னா?"

"கட்னா அன்னைக்கி பாத்துக்கலாம்."

"அன்னைக்கி பாக்க முடியாது முஸ்கானு. அன்னைக்கி நான் தார்ப்பாய் புடிச்சிக்கினு இருப்பேன். வர மாட்டேன்னு இப்பவே தெரியுது. தெரிஞ்சிக்கினே வருவேன்னு எப்படி எழுதறது?"

"அக்கா, பரிச்சைக்கி அஞ்சு வாரம்தான் இருக்குது. நீங்க சொன்னீங்க இல்ல, மாமா என்ன சொல்லியிருக்காருன்னு?"

"ஞாபகம் இருக்குது."

"அப்பறம் எதுக்கு வீம்பு?"

அம்சவள்ளி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வீம்பா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் வீம்பும்தான். மலர்கொடி மருந்து போடப் போன கண்ணோடு இரண்டு பஸ் ஏறி, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். அதைத் தவறு என்று தன் கையால் எழுத அவளுக்கு மனமில்லை.

"கமிட்டி எப்ப கூடுது?" என்றாள்.

---

கமிட்டி அடுத்த வாரம் கூடுவதாக இருந்தது. கார்டு இல்லாவிட்டாலும் உள்ளே உட்கார்ந்து படிக்கத் தடை இல்லை. கிடைத்த அரைமணியில் அம்சவள்ளி உட்கார்ந்தாள். பிறகு அரைமணி போதாது என்று அதற்கடுத்த பஸ்ஸில் போனாள். வீடு சேர இருட்டிவிடும். தெய்வசிகாமணி சோற்றை மூடி வைத்திருப்பான்.

முதல் நாள் அவள் நூலக விதிகளைக் கேட்டு வாங்கிப் படித்தாள். செந்தமிழ் தயங்கிக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். இரண்டாம் நாள் ஒப்பந்தச் சட்ட உரைநூலைக் கேட்டாள். தேர்வுக்குப் படித்தாற்போலவும் ஆயிற்று என்று நிறைவேற்றுதல் என்ற அதிகாரத்தைத் திறந்தாள். ஒருவர் செய்வதாகச் சொன்ன காரியத்தை அவரேதான் செய்ய வேண்டுமா, ஆளை வைத்துச் செய்யலாமா. போன வருஷம் இந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்து, தேர்வில் மறந்திருந்தாள். இப்போது நாற்பதாம் பிரிவை ஒரு தடவைதான் படித்தாள். புத்தகத்தை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னாக்கா?" என்றாள் செந்தமிழ்.

"நம்ம மேஸ்திரி இதப் படிச்சிருப்பாரோன்னு பாக்கறேன்."

செந்தமிழுக்குப் புரியவில்லை. ஆனால் மூன்றாம் நாள் அவளே கம்ப்யூட்டரில் அந்தப் பிரிவை அடித்து, அதைப் பற்றிய தீர்ப்புகளைத் திறந்து வைத்திருந்தாள். "நான் ரூல் போட்டவ இல்லக்கா," என்று மட்டும் சொன்னாள். "போன வருஷம் ஒரே கார்டுல நாலு பேரு எடுத்து ஒரு வால்யூம் காணாம போச்சு. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"உன்னைய யாரு சொன்னா? நீ உன் வேலைய செஞ்ச."

உப்பளத்தில் வாரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மலர்கொடி பக்கத்திலிருந்து, "யார்கிட்ட சண்டை போடற?" என்பாள்.

"உனக்காகத்தான்டி."

"எனக்காக வேணாம் தாயி. நான் இனிமே அந்தப் பக்கமே தலவெச்சுப் படுக்க மாட்டேன்."

---

கமிட்டி நூலகத்தின் பின்னறையில் கூடியது. ஒப்பந்தச் சட்டம் நடத்தும் அசோகன் சார்தான் தலைவர். இன்னும் இரண்டு ஆசிரியர்கள். கவுண்டரைப் பூட்டிவிட்டுச் செந்தமிழும் வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

"என்னம்மா, கடிதம் கொண்டு வந்தீங்களா?" என்றார் அசோகன்.

"இல்ல சார். பேச வந்தேன்."

"பேசறதுக்குத்தான இங்க எல்லாரையும் சேக்கறோம். பேசுங்க."

அம்சவள்ளி நின்றுகொண்டே பேசினாள். "புத்தகம் காலையில ஒம்பதரைக்குள்ள திரும்பி வரும்னு நான் ஒத்துக்கினு எடுத்துப் போனேன். வந்துச்சு. கிழியல, நனையல. பிரிவு நாற்பது சார். ஒருத்தரே நேர்ல செய்யணும்ங்கற காரியமா இருந்தா அவருதான் செய்யணும். பாடறவர கச்சேரிக்குக் கூப்ட்டா அவருதான் பாடணும். மத்த காரியத்துக்குத் தகுந்த ஆள வெச்சி செய்யலாம். புத்தகத்தத் திருப்பிக் குடுக்கறது பாட்டுப் பாடற மாதிரி இல்ல சார். தூக்கியாந்து வெக்கற வேல."

அசோகன் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தால்தான் அவர் மடக்குவார் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"அதே பிரிவுல, தரப்பினரோட எண்ணம் என்னன்னு பாக்கணும்னு வருதே? நூலகத்தோட எண்ணம் விதியிலயே இருக்கு. கார்டு உடையவர் நேரில். நீங்க கார்டு வாங்கும்போது அதுக்குக் கையெழுத்து போட்டிருக்கீங்க."

"போட்ருக்கேன் சார்."

"அப்பறம்?"

அம்சவள்ளி பக்கத்தைத் திருப்பினாள். "அப்படின்னா மலர்கொடிகிட்ட வாங்காம திருப்பி அனுப்பியிருக்கணும் சார். வாங்கிக்கிட்டீங்க. நாற்பத்தொண்ணு. மூணாம் ஆள்கிட்டருந்து வாங்கிட்டா, அப்பறம் சொன்னவங்ககிட்ட வந்து நீ நிறைவேத்துன்னு கேக்க முடியாது."

ஆசிரியை ஒருவர் சிரித்துவிட்டார். அசோகன் சிரிக்கவில்லை.

"கேட்டோமா? புத்தகத்த மறுபடி குடுங்கன்னு நாங்க கேக்கலியே. அந்தப் பொறுப்பு தீர்ந்துடுச்சு. விதிய மீறினதுக்குத்தான் கார்ட நிறுத்தினோம். நாற்பத்தொண்ணு அத எப்படித் தடுக்கும்?"

அம்சவள்ளி புத்தகத்தைப் பார்த்தாள். ஒரு வாரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்ததில் இந்தக் கேள்வி இல்லை. அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. சரி என்று தெரிந்த பிறகு அதைச் சுற்றிப் பேச அவளுக்கு வரவில்லை.

"தடுக்காது சார்," என்றாள்.

"அப்ப?"

புத்தகத்தை மூடினாள். "அப்ப விதியப் பத்தியே பேசறேன். போன வருஷம் ஒரு கார்டுல நாலு பேரு எடுத்தாங்க, ஒரு வால்யூம் போச்சுன்னு இந்த விதி. எடுக்கறவங்க நேர்ல வரணும், ஒத்துக்கறேன். யாரு எடுத்தாங்கன்னு தெரியணும். ஆனா திரும்பி வர்ற புத்தகத்த யாரு கொண்டாந்தா என்னா சார்? வரலன்னாதான தப்பு?"

"எல்லாரும் ஆள் அனுப்ப ஆரம்பிச்சா என்ன ஆகும்?" என்றார் இன்னொரு ஆசிரியர்.

"ஹாஸ்டல்ல இருக்கறவங்க எதுக்கு சார் ஆள் அனுப்பறாங்க? தூரத்துலருந்து வர்றவங்களுக்குத்தான் அது வேணும். நான் தெனமும் நேர்லதான் வர்றேன். சீசன்ல நாலஞ்சு நாள் மழை மெரட்டும். அன்னைக்கி அம்பாரத்த மூடாம நான் வர முடியாது. செட்டுல ஒரு ஆள் கொறஞ்சா மத்தவங்க உப்பும் கரையும்." அவள் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. இறக்கிக்கொண்டாள். "எக்காரணம் கொண்டும் ஆள் அனுப்ப மாட்டேன்னு எழுதிக் குடுத்தா கார்டு இன்னைக்கே வரும்ங்கறாங்க. எனக்குப் புத்தகம் வேணும் சார். இந்த வாட்டி இந்தப் பாடம் போச்சுன்னா படிப்ப உட்டுடறேன்னு வீட்ல சொல்லியிருக்கேன். ஆனாலும் அத எழுத முடியாது. செய்ய மாட்டேன்னு தெரிஞ்சிக்கினே செய்யறேன்னு எழுதறதுக்கு எதுக்கு சார் ஒப்பந்தச் சட்டம் படிக்கணும்?"

அசோகன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சரி. உங்களால என்ன எழுதிக் குடுக்க முடியும்?"

"புத்தகம் ஒம்பதரைக்குள்ள வரும். நான் வர முடியாத நாள்ல யார அனுப்புவேன்னு பேர முன்னாடியே குடுக்கறேன். அவங்க கையில கெட்டாலும் காணாம போனாலும் நான் பொறுப்பு. நோட்டுல அவங்க கையெழுத்து போட மாட்டாங்க. நான் வந்துதான் போடுவேன்."

"சார்," என்றாள் செந்தமிழ். எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் அவள் முகம் சிவந்துவிட்டது. "காலையில எனக்கு ஒரு போன் பண்ணிட்டா போதும் சார். யாரு வர்றாங்கன்னு தெரிஞ்சா நான் வாங்கி வெச்சிக்கறேன். அன்னைக்கி எனக்கு அவங்க யாருன்னே தெரியல, அதான்."

அசோகன் மற்ற இருவரையும் பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர், "அனுப்பற ஆள் இங்க படிக்கற ஸ்டூடண்டா இருக்கக் கூடாது. இல்லன்னா மறுபடி ஒரே கார்டுல நாலு பேரு," என்றார். அம்சவள்ளி அதற்கும் தலையாட்டினாள்.

"இதுவரைக்கும் கார்ட நிறுத்தினது நிறுத்தினதுதான்," என்றார் அசோகன். "அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்."

"நானும் கேக்கல சார்."

"நீங்க சொன்னத எழுதுங்க. உங்களுக்கு மட்டும் இல்ல, வெளியூர்லருந்து வர்ற எல்லாருக்கும்னு நான் விதியில சேத்துடறேன்."

அம்சவள்ளி உட்கார்ந்து எழுதினாள். எழுதியதை அசோகன் வாங்கிப் படித்தார். கண்டிப்பாக என்று இரண்டு இடத்தில் இருந்ததில் ஒன்றை அடித்தார். "ஒரு வாட்டி சொன்னா போதும். கெளம்புங்க, உங்க பஸ்ஸு போயிடப் போவுது."

அவள் கிளம்பவில்லை.

"என்னம்மா?"

"புத்தகம் சார். இன்னைக்கே எடுத்துக்கலாம் இல்ல?"

செந்தமிழ் ஏற்கெனவே கவுண்டரைத் திறக்கப் போயிருந்தாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை அம்சவள்ளி நிழற்குடையில் உட்கார்ந்து, நிறைவேற்றாததால் வரும் நஷ்டம் என்ற அதிகாரத்தை ஆரம்பித்தாள்.

---

பெயர் கொடுத்த சேதியை மறுநாள் பாத்தியில் வைத்துச் சொன்னாள். மலர்கொடி பலகையைக் கீழே போட்டாள்.

"என் பேரயா குடுத்த? நான்தான் வேணாம்னேனே!"

"குடுத்தாச்சு."

"கேக்காம எப்படிடி குடுப்ப? நீ சட்டம் படிக்கறவதான?"

உண்மையில் கேட்டிருக்கத்தான் வேண்டும். "சரி, இப்ப கேக்கறேன். போவியா?"

மலர்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்தப் பொண்ணு மறுபடி நீ யாருன்னு கேக்கக் கூடாது," என்றாள். பலகையை எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சீசனில் இரண்டு முறை அப்படிப் போக வேண்டியிருந்தது. இரண்டாம் முறை செந்தமிழ் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாளாம். அதை மலர்கொடி உப்பளம் முழுக்கச் சொன்னாள். மற்ற நாட்களில் அம்சவள்ளியே ஒன்பதேகாலுக்குக் கவுண்டர் முன்னால் நின்றாள். தேர்வு வந்தது. வினாத்தாளில் நாற்பதும் இல்லை, நாற்பத்தொன்றும் இல்லை. கேட்டதை எழுதினாள். மணி அடிக்கும்வரை எழுதினாள்.

மழைக்காலம் தொடங்கி உப்பளம் முழுக்கத் தண்ணீரில் கிடந்தபோது முடிவு வந்தது. வேலை இல்லாததால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். தெய்வசிகாமணி மீன் வறுத்துக்கொண்டிருந்தான். சீசனில் பழகிய கை, இப்போது விடச் சொன்னாலும் விடுவதில்லை. முஸ்கான் போனில் கத்தினது அடுப்படி வரைக்கும் கேட்டது.

"என்னாவாம்?" என்றான்.

"பாஸு."

அவன் மீனைத் திருப்பிப் போட்டான். "நெசமாவா?"

"நெசமாதான்."

"அப்ப உட வேணாம்."

"உட வேணாம்."

"இன்னும் எவ்ளோ இருக்குது?"

"ஒண்ணரை வருஷம். அப்பறம் ஒரு வக்கீல்கிட்ட ஜூனியரா."

தெய்வசிகாமணி வாணலியைப் பார்த்தபடி ஒரு கணக்குப் போட்டான். அம்சவள்ளி போனைக் காதில் வைத்தாள்.

"முஸ்கானு, நாளைக்கி லைப்ரரி தொறந்திருக்குமா?"

"அக்கா, இப்பதான் பாஸு! வெளிய பாருங்க, கொட்டுது. நாளைக்கி லீவு வுட்டாலும் வுடுவாங்க."

"செந்தமிழுக்கு ஒரு போன் போட்டுக் கேளு. சொத்துச் சட்டத்துக்குத் தமிழ்ல நல்ல புத்தகம் ஒண்ணுதான் இருக்குது. வேற யாரும் எடுக்கறதுக்குள்ள போவணும்."